அபயதானமும் கூண்டுக்கிளியும்



மார்கழி தொடங்கிப் பங்குனி முடியுமட்டும் நம் காஞ்சிபுரத்தைச் சுற்றிய ஊர்களில் பச்சைக்கிளிகள் குஞ்சு பொரிக்கும் காலம். பட்டுப்போன பனையின் பொந்து, பழைய கோபுரத்தின் செங்கல் இடுக்கு, முதிர்ந்த மரத்தின் துளை ஆகியனவே அவற்றின் இல்லம். மூன்று முதல் ஐந்து வரை வெண்ணிற முட்டைகள் இட்டு, ஏறத்தாழ 22 நாள் தாய்க்கிளி அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் ஆறேழு வாரம் பொந்தினுள்ளேயே வளரும். இதே காலத்தில்தான் மனைப்பிரிவுக்காகப் பனைகள் வெட்டப்படுகின்றன. திருப்பணிக்காகக் கோபுரத்து இடுக்குகள் பூசப்படுகின்றன. கண் திறவாத குஞ்சுகள் தரையில் கிடக்கின்றன. பள்ளி விட்டுவரும் பிள்ளை ஒன்று அவற்றை மதிய உணவு டப்பாவில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறது. பாட்டியிடம் கேட்கிறது: "பாட்டி, இதை நாம் வளர்க்கலாமா?"

இக்கேள்வியை என்னிடமும் பலர் கேட்டிருக்கின்றனர். கேட்பவர் இரக்கமுள்ளவர் என்பதால் எளிதில் "ஆம்" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆயினும் நம் ஆகமம் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கச் சொல்கிறது.

இல்லறத்தார்க்கு நம் சமயம் வகுத்த தானங்கள் நான்கு: உணவு, மருந்து, சாத்திரம், அபயம். அடிபட்ட கிளியை வீட்டுக்குள் எடுத்த அந்நொடியே முதல் இரண்டும் தொடங்கிவிடுகின்றன. நாலாவதாகிய அபயம், அதாவது அஞ்சும் உயிருக்கு அச்சம் தீர்த்தல், தொடங்குவது எப்போது, முடிவது எப்போது என்பதில்தான் குழப்பம். கிளிக்கு அச்சம் தருவன பூனையும் காக்கையும் மட்டுமல்ல. உயிரோடிருக்கும் நாளெல்லாம் கம்பிக்குள் இருத்தலும் அச்சமே. பூனையிடமிருந்து காத்துக் கூண்டில் இட்டோமானால், ஓர் அச்சத்தைக் கொடுத்து மற்றோர் அச்சத்தை வாங்கிக்கொண்டோம். இதற்குத் தானம் என்று பெயரில்லை, பண்டமாற்று என்று வேண்டுமானால் சொல்லலாம்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களாக ஐந்தைக் காட்டுகிறார். பந்தம், அதாவது கட்டியோ அடைத்தோ வைத்தல், வதம், அடித்தல், சேதம், உறுப்பைக் குறைத்தல், அதிபாராரோபணம், அளவுமீறிச் சுமை ஏற்றல், அன்னபான நிரோதம், உணவும் நீரும் தடுத்தல். காஞ்சியோடு மரபு இணைத்துப் பேசும் சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இவ்வைந்தையே சொல்கிறது. அதன் வழிவந்த அருங்கலச்செப்பை நம் இல்லங்களில் முதியோர் பலர் நெட்டுருவாகவே அறிவர். கொலையைத் தவிர்த்தவனும் இவற்றால் விரதத்தில் பழுதுபடுவான் என்பதே ஆசாரியர்களின் கருத்து. இப்பட்டியலில் பந்தம் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பட்டினி போடுவது கடைசியில் வருகிறது. "வேளாவேளைக்குப் பழம் கொடுக்கிறேன், என்ன குறை?" என்பவர் ஐந்தாவதைக் கடைப்பிடித்து முதலாவதை மறந்தவர்.

இறகு நறுக்குவதைச் சிலர் நகம் வெட்டுவதோடு ஒப்பிடுகின்றனர். நகம் வெட்டியபின் நாம் நடக்க முடியாமல் போவதில்லை. இறக்கையின் பெரிய இறகுகளை நறுக்கியபின் கிளி பறப்பதில்லை. எனவே அதனைச் சேதம் என்னும் மூன்றாவது குற்றத்தில்தான் சேர்க்க வேண்டும்.

நம் குலத்துக்கே பெருமையான சீவக சிந்தாமணியில் இதற்கென்றே ஒரு வரலாறு உண்டு. முத்தியிலம்பகத்தில் சாரண முனிவர் சீவகனுக்கு அவனது முற்பிறப்பை உரைக்கிறார். அப்பிறப்பில் அவன் அசோதரன் என்னும் அரசகுமாரன். மகளிரோடு நீராடச் சென்றவிடத்தில் பறக்க மாட்டாத அன்னப் பார்ப்பு ஒன்றைப் பிடித்து வந்தான். கொல்வதற்கன்று, கொஞ்சி வளர்ப்பதற்கே. தந்தை அறமுரைத்த பின்னர் அவன் உள்ளம் திருந்தி அதனை விடுவித்தான். ஆயினும் வினை தன் பயனை ஊட்டாமல் விடவில்லை. குஞ்சைப் பெற்றோரிடமிருந்து பிரித்தவன், மறுபிறப்பில் தந்தையை இழந்து, சுடுகாட்டில் பிறந்து, ஈன்ற தாயைப் பிரிந்து, கந்துக்கடன் மனையில் வளர்ந்தான். திருத்தக்கதேவர் காட்டும் குற்றவாளி கொடியவன் அல்லன், அன்புடையவன். நான் இவ்வரலாற்றை எடுத்ததன் காரணமும் அதுவே. கொடியவர்க்கு இக்கட்டுரை தேவையில்லை, அவர்கள் இதழை வாங்குவதுமில்லை.

நம் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலுக்குச் சென்றோர், 1387-88இல் இருகப்பரால் எழுப்பப்பட்ட சங்கீத மண்டபத்தின் விதானத்து ஓவியங்களை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அங்கே தீட்டப்பட்ட சரிதங்களுள் நேமிநாத சுவாமியின் சரிதமும் ஒன்று. மணக்கோலத்தில் சென்றவர், விருந்துக்காக அடைக்கப்பட்ட உயிர்களின் ஓலம் கேட்டுத் தேரைத் திருப்பினார். ஊர்ஜயந்தகிரியில் தவம் மேற்கொண்டார். அவ்வுயிர்களை அரண்மனைத் தோட்டத்தில் வைத்து நன்கு பராமரிக்க என்று அவர் ஆணையிட்டதாக எவரும் சொல்வதில்லை. அடைப்பைத் திறந்து விடுவித்தார் என்றே சரிதம் கூறுகிறது.

இனி, நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம். "எங்கள் கிளி பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்கிறது. எங்கோ காட்டில் திரிந்தால் இப்பேறு அதற்குக் கிட்டுமா?" ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கு நான் பல்லாண்டு வலியுறுத்தியது ஒன்று: பொருளுணராமல் ஒப்பிப்பது கல்வியாகாது. நம் மொழியே அதனைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று கேலி செய்கிறது. குழந்தையிடம் ஏற்காத ஒன்றைக் கிளியிடம் மட்டும் புண்ணியமென ஏற்பதெப்படி? மனமுடைய ஐம்பொறி உயிர் அது. விலங்கு கதியில் இருந்தே அணுவிரதம் ஏற்கும் தகுதி அத்தகைய உயிர்க்கு உண்டென்று நம் நூல்கள் கூறும். ஆனால் அத்தகுதி ஒலியால் வருவதன்று, பரிணாமத்தால் வருவது. மீண்டும் சீவகனையே பாருங்கள். அடிபட்டு இறக்கும் நாயின் செவியில் அவன் மந்திரம் ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. சங்கிலியும் கூண்டும் அங்கே இல்லை. இறக்கும் உயிர்க்கு ஒருமுறை ஓதுவதற்கு இருபதாண்டுச் சிறை எதற்கு?

இனி, எடுத்த குஞ்சைக் காக்கும் முறை. இதுவும் சமயப் பேச்சுதானா என்று ஐயுற வேண்டா. பிரமத்த யோகத்தால், அதாவது கவனக்குறைவால் உயிர்க்கு நேரும் கேடே ஹிம்சை என்பது சூத்திரத்தின் இலக்கணம். அறியாமையோடு செய்யும் உபசாரமும் அதில் அடங்கும்.

முதலில், தரையில் காணும் குஞ்செல்லாம் அனாதையன்று. உடலெங்கும் இறகு முளைத்து, கிளையைப் பற்றி நிற்க வல்ல குஞ்சு, பறக்கப் பழகும் நிலையில் தவறி இறங்கியிருக்கலாம். அதனைத் தாழ்ந்த கூடை ஒன்றில் வைத்து, அதே மரத்தில் உயரே கட்டிவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். தாய் வந்து ஊட்டும். "மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது" என்பது கட்டுக்கதை. மரமே வெட்டப்பட்டு, தாயும் வாராதபோதுதான் நம் கடமை தொடங்குகிறது.

குஞ்சுக்கு முதல் தேவை உணவன்று, சூடு. அட்டைப் பெட்டியின் அடியில் பழைய பருத்தித் துணி விரித்து, வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் குஞ்சு மறுபக்கம் நகர இடமிருக்க வேண்டும். உடல் குளிர்ந்திருக்கும் குஞ்சுக்கு ஊட்டினால் உணவு செரிக்காமல் தொண்டைப்பையிலேயே புளித்து உயிரைப் போக்கும்.

நம் தாய்மார் உடனே எடுப்பது பாலும் சோறும். கைக்குழந்தை என்ற எண்ணத்தால் நேர்வது அது. பறவையினம் பாலுண்ணி அன்று. பாலைச் செரிக்கும் ஆற்றல் அதன் குடலுக்கு இல்லை. எங்கள் தெருவில் ஓர் இல்லத்துக்கு வந்த இரண்டு குஞ்சுகளும் வெள்ளிக் கிண்ணத்தில் பால்சோறு ஊட்டப்பட்டு, மூன்றாம் நாள் கழிச்சல் கண்டு இறந்தன. அவ்வில்லத்தார் கண்ணீர் விட்டதும் உண்மை. ஆயினும் கண்ணீரால் வினை கழுவப்படுவதில்லை. கிளிக்குஞ்சுக்கென்றே விற்கும் மாவுணவு கிடைத்தால் நன்று. கிடைக்கும்வரை, பாசிப்பருப்பை உப்பில்லாமல் குழைய வேகவைத்து, மசித்து, கூழாக்கிச் சிறு கரண்டியால் அலகின் ஓரத்தில் காட்டலாம். மணிக்கட்டில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சுட்டால் தொண்டைப்பை வெந்துபோகும். நாவின் அடியிலேயே மூச்சுக்குழல் திறந்திருப்பதால் சொட்டு மருந்துக் குழாயால் வாயில் தண்ணீர் ஊற்றுவது மிகவும் ஆபத்தானது. ஒரு துளி உள்ளே சென்றாலும் மூச்சுத் திணறும். கூழிலுள்ள நீரே குஞ்சுக்குப் போதும். கழுத்தின் கீழ் புடைத்து நிற்கும் பை வற்றிய பின்னரே அடுத்த ஊட்டல். கண் திறந்து இறகு அரும்பிய குஞ்சுக்கு இரவில் ஊட்ட வேண்டியதில்லை. வளர்ந்த கிளிகளும் பொழுது சாய்ந்தபின் இரை தேடாமல் அடைந்துவிடுகின்றன. இராவுண்ணா நோன்பை நம்மிற் சிலரைவிட அவை நன்கு காக்கின்றன என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வளர வளரக் கொய்யா, கம்பு, தினை, பச்சைச் சோளக்கதிர், பட்டாணி ஆகியவற்றை வைத்துத் தானாகக் கொத்த விடுங்கள். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. உப்பிட்ட பண்டம், பொரித்தவை, இனிப்பு, காப்பி, தேநீர் ஆகாவே ஆகா. மின்விசிறி சுழலும் அறையில் வெளியே விடாதீர்கள். எச்சத்தின் தூசியால் கிளிக்காய்ச்சல் மனிதர்க்கும் பரவக்கூடும். ஆகவே தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். முத்தமிடும் வழக்கம் வேண்டா. பேச்சும் கற்பிக்காதீர்கள். மனிதக் குரலை நாடிப் பழகிய கிளி விடுவிக்கப்பட்ட பின்னும் மனிதரிடமே இறங்கி வரும், எல்லா மனிதரும் நம்மைப்போல் இருப்பதில்லை. காயம் இருந்தால் மஞ்சள் தடவிக் காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். சென்னை வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. காஞ்சியிலிருந்து இரண்டு மணிப் பயணம்.

சட்டமும் அறியத்தக்கது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்தலும் விற்றலும் வீட்டில் வைத்தலும் குற்றம். 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டு மேலும் இறுக்கப்பட்டது. காயம்பட்ட பறவை கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ அறிவிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கத்தில் கிளி சோதிடர் ஒருவரிடமிருந்து கிளிகள் பறிமுதலான செய்தியை நாளேடுகளில் கண்டோம். சட்டத்துக்கு அஞ்சி அறம் செய்ய வேண்டுமா என்று கேட்கலாம். நம் ஆசாரியர்களோ இதனையும் விட்டுவைக்கவில்லை. அசௌரிய விரதத்தின் அதிசாரங்களுள் திருடனைத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரச விதியை மீறுதல் மூன்றும் உள்ளன. பொந்திலிருந்து களவாடப்பட்ட கிளியை நூறு ரூபாய்க்கு வாங்குபவர் மூன்றையும் ஒரே வேளையில் செய்கிறார்.

மகாவீர ஜெயந்தியன்று கூண்டோடு கிளிகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், படமும் எடுக்கலாம். ஆனால் வியாபாரிக்கு அது திருவிழாக் கொள்முதல். நாம் பத்து வாங்குவோம் என்று தெரிந்தால் அவன் இருபது பிடிப்பான். வழியில் சிறகொடிந்து மாள்பவற்றின் கணக்கு யாருடைய பேரேட்டில் ஏறும்? அப்பணத்தைக் காயம்பட்ட பறவைகளின் மருந்துக்குக் கொடுப்பது நன்று.

பட்டுச்சேலையின் கரையிலும் முந்தானையிலும் கிளியை நெய்து வைத்திருக்கும் ஊர் நம்முடையது. அச்சேலைக்காகக் கொதிநீரில் இடப்படும் கூட்டுப்புழுவைப் பற்றி இங்கே தொடங்கினால் பேச்சு நீண்டுவிடும். மற்றோர் இதழில் அதனை எழுத எண்ணம்.

செய்யும் முறைக்குச் சான்றாக இரண்டு இடங்கள். தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திரை ஒட்டிப் பறவைகள் மருத்துவமனை ஒன்று நம் சமயத்தாரால் நடத்தப்படுகிறது. 1957 முதல் அவ்வளாகத்தில் இயங்குகிறது. புறாவும் கிளியும் சிட்டும் இலவசமாகச் சிகிச்சை பெறுகின்றன. தேறியவற்றை அங்கிருந்தே பறக்கவிடுகின்றனர், கூண்டுக்குத் திருப்பி அனுப்புவது அவர்கள் வழக்கமன்று. மற்றொன்று நம் சென்னையில். இராயப்பேட்டையில் ஒளிப்படக்கருவி பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர் என்பவர் 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் தம் மாடிக்கு வந்த சில கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவை ஆயிரக்கணக்காகப் பெருகின. ஊறவைத்த அரிசியை மரப்பலகைகளில் வரிசையாகப் பரப்பி, காலையும் மாலையும் ஊட்டினார். தம் வருவாயில் கணிசமான பகுதியை அதற்கே செலவிட்டார். அவர் நம் சமயத்தவர் அல்லர். அணுவிரதம் என்ற சொல்லையும் கேட்டிராமல் இருக்கலாம். ஆயினும் அத்தனை கிளிகளில் ஒன்றையேனும் அவர் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. அரிசி மட்டுமே கிளிக்குச் சத்தான உணவா என்று கேட்டால் எனக்கும் ஐயமுண்டு. அவருடைய மனத்தில் ஐயமில்லை.

கடினமான கேள்வியை இறுதிக்கு வைத்தேன். பல்லாண்டு கூண்டில் இருந்த கிளியை என்ன செய்வது? இக்கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக் காலையே எவரும் கூண்டைத் திறந்துவிட வேண்டா. இறக்கைத் தசை சோர்ந்த பறவை எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டாது. காக்கைகள் சூழ்ந்துகொள்ளும். இரை தேடவும் அதற்குத் தெரியாது. அது விடுதலையன்று, கைவிடுதல். வனத்துறையிடம் ஒப்படைத்தால் மருத்துவர் பார்த்து, பறக்க வல்லதைப் பெரிய அடைப்பில் தன்னினத்தோடு சேர்த்துப் பழக்கி விடுவிக்க வழியுண்டு. இயலாதது வண்டலூர் போன்ற இடத்தில் தன் கூட்டத்தோடேனும் வாழும்.

சொல்வது எளிது. எனக்குத் தெரிந்த ஒரு தாயார், வயது 78, கணவர் இல்லை, மகன் கடல் கடந்து வாழ்கிறார். அவர் வீட்டுக் கிளிக்குப் பதினோராண்டு. நான் மேற்கூறியவற்றையெல்லாம் அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: "டீச்சரம்மா, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அதையும் அனுப்பிவிட்டால், இந்த வீட்டில் என்னை அம்மா என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?"

பந்தம் என்ற ஒரே சொல் கட்டுக்கும் வினைக்கட்டுக்கும் பாசத்துக்கும் ஏன் பெயராயிற்று என்பது எனக்கு அன்று விளங்கிற்று. கம்பிக்கு அப்புறம் ஒருயிர், இப்புறம் ஒருயிர். எது அடைபட்டது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. நான் வாதம் செய்யவில்லை. அவர் வீட்டுக்கு அடிக்கடி போகலானேன். மாலை உணவு முடிந்தபின் இருவரும் ஸ்தோத்திரம் படிப்போம். தெருப்பிள்ளைகள் இருவர் கணக்குப் பாடத்துக்கு என்னிடம் வருவதுண்டு. அவர்களையும் அங்கேயே வரச் சொன்னேன். அவர்கள் அவரைப் பாட்டி என்று அழைத்தனர், சில வேளை அம்மா என்றும்.

நான்காம் மாதம் அவரே வனத்துறை அலுவலரை வரவழைத்தார். கூண்டைத் தம் கையால் எடுத்துக் கொடுத்தார். "கொய்யா என்றால் அதற்கு உயிர், கொஞ்சம் பிஞ்சாகக் கொடுங்கள்" என்று இரண்டு முறை சொன்னார். வண்டி போனபின் வெகுநேரம் பேசவில்லை. இப்போது அவர் மாடியில் ஒரு மண்தட்டில் நீரும், கைப்பிடிச் சுவரில் கட்டிய சோளக்கதிரும் இருக்கின்றன. அணிற்பிள்ளைகளே பெரும்பாலும் தின்கின்றன. மாசி மாதக் காலை ஒன்றில் மூன்று கிளிகள் வந்தமர்ந்ததாகச் சொன்னார். ஆண்கிளிக்குக் கழுத்து வளையம் வரச் சில ஆண்டுகள் ஆகுமாமே, வந்தவற்றில் ஒன்றுக்குத்தான் வளையம் இருந்தது, மற்ற இரண்டும் பெட்டையா குஞ்சா என்று என்னைக் கேட்டார். தொலைவிலிருந்து சொல்ல முடியாது என்றேன்.